மாலையில் தடுமாறிய கிடா

தூத்துக்குடியில் ஒரு கல்லூரியில் இயற்பியல் கற்பிப்பவன் நான். ஆட்டைப் பற்றிக் கட்டுரை எழுதும் நாள் வரும் என்று ஒருபோதும் நினைத்ததில்லை. வகுப்பில் ஒளியையும் நிறத்தையும் பற்றிப் பேசிக்கொண்டிருந்தேன். கேரட் ஏன் செம்மஞ்சளாக இருக்கிறது, அதிலுள்ள கரோட்டின் என்னும் பொருள் எப்படி வைட்டமின் ஏ ஆகிறது, அது குறைந்தால் மாலைக்கண் எப்படி வருகிறது என்று சொல்லி முடித்தபோது, கடைசி வரிசையிலிருந்து ஒரு மாணவன் எழுந்தான். விளாத்திகுளம் பக்கத்துக் கரிசல் கிராமத்தைச் சேர்ந்தவன்.

"சார், மாலைக்கண் வந்த கிடாவுக்குக் குட்டி விழாது என்று எங்கள் ஊர் மாட்டாஸ்பத்திரி டாக்டர் சொன்னார். கண்ணுக்கும் குட்டிக்கும் என்ன சார் சம்பந்தம்?"

எனக்கு விடை தெரியவில்லை. "படித்துவிட்டுச் சொல்கிறேன்" என்றேன். படித்ததை உங்களோடும் பகிர்ந்துகொள்கிறேன். முதலில் அவன் வீட்டில் நடந்ததைக் கேளுங்கள்.

பட்டியில் நடந்தது

2016-ஆம் ஆண்டில் வடகிழக்குப் பருவமழை பொய்த்தது. 2017 ஜனவரியில் தமிழ்நாடு முழுவதும் வறட்சிப் பகுதியாக அறிவிக்கப்பட்டது உங்களுக்கு நினைவிருக்கலாம். கரிசல் காட்டில் பச்சை என்று சொல்ல ஒன்றுமில்லை. அந்த மாணவனின் தாத்தாவிடம் முப்பதுக்கு மேல் வெள்ளாடுகள் இருந்தன. பட்டியின் பெருமை ஒரு பொலிகிடா. உயர்ந்து நீண்ட, வெள்ளையில் கறுப்புத் தெறித்த கரும்போரைக் கொடி ஆடு. அதைக் காட்டுக்கு ஓட்டாமல் வீட்டிலேயே கட்டிப் போட்டு, காய்ந்த சோளத்தட்டையும், வைக்கோலும், உளுந்தம் பொட்டும், கடலைப் புண்ணாக்கும் வைத்துச் செல்லமாக வளர்த்தார். பெட்டைகளோ வெயிலில் அலைந்து, உடைமரத்திலும் வேலிகளிலும் கிடைத்த இலை தழைகளைக் கடித்துக்கொண்டு உயிர் வாழ்ந்தன.

பெட்டைகள் பருவத்துக்கு வந்தன. கிடாவும் சளைக்கவில்லை. ஆனால் மூன்று வாரம் கழித்து அதே பெட்டைகள் மீண்டும் பருவத்துக்கு வந்தன. அடுத்த முறையும் அதே கதை. "பஞ்சத்தில் பெட்டைகள் மலடாகிவிட்டன" என்று தாத்தா முடிவு கட்டினார். ஆறு பெட்டைகளைக் கறிக்கடைக்கு விற்றும்விட்டார். அதன் பிறகுதான் யாரோ சொல்லி, கிடாவைக் கால்நடை மருத்துவமனைக்கு ஓட்டிக்கொண்டு போனார்கள். மருத்துவர் விந்தை ஒரு துளி எடுத்து நுண்ணோக்கியில் பார்த்தார். விந்தணுக்கள் மிகச் சொற்பம். இருந்தவையும் பெரும்பாலும் அசையவில்லை. "இது பொழுது சாய்ந்தால் தடுமாறுகிறதா?" என்று கேட்டார். ஆம், சில மாதங்களாகவே அந்திப் பொழுதில் தண்ணீர்த் தொட்டியில் இடித்துக்கொள்கிறது. வயதாகிவிட்டது என்று நினைத்திருந்தார்கள்!

ஒரே பொருள், இரண்டு இடம்

வைட்டமின் ஏ தெரியவந்ததே வளர்ச்சியை ஆராயும்போதுதான். 1913-ஆம் ஆண்டில் அமெரிக்காவின் விஸ்கான்சினில் மெக்கல்லமும் மார்கரெட் டேவிசும், பன்றிக் கொழுப்பை மட்டும் கொழுப்பாகக் கொண்ட உணவைத் தின்ற எலிகள் சிறிது காலத்தில் வளர்ச்சி நின்று போவதையும், வெண்ணெய்க் கொழுப்பைச் சேர்த்தால் மீண்டும் வளர்வதையும் கண்டனர். வெண்ணெயில் உள்ள ஏதோ ஒரு பொருள் உயிருக்கு இன்றியமையாதது என்று தெரிந்தது. அதுவே பின்னர் வைட்டமின் ஏ ஆயிற்று.

1925-ஆம் ஆண்டில் வோல்பாக், ஹோவ் என்ற இருவர், இந்த வைட்டமின் கிடைக்காத எலிகளின் உறுப்புகளை ஒவ்வொன்றாக நுண்ணோக்கியில் ஆராய்ந்தனர். கண், மூச்சுக் குழல், உமிழ்நீர்ச் சுரப்பி முதலியவற்றின் உட்சவ்வு வறண்டு, கொம்பு போல் கடினமாகியிருந்தது. ஆண் எலிகளின் விரைகள் சுருங்கி, விந்தணு உண்டாக்கும் அணுவடுக்குகள் சிதைந்திருந்தன. 1940-களில் அமெரிக்காவில் இளங்காளைகளிடம் நடந்த ஆய்வுகளிலும் இதே சிதைவு தெரிந்தது. ஆக, மருத்துவர் கேட்ட கேள்வியில் மந்திரம் ஏதுமில்லை. கண்ணும் விரையும் ஒரே கிணற்றில் நீர் இறைக்கின்றன. கிணறு வற்றினால் இரண்டும் காயத்தானே வேண்டும்?

வீணைத் தந்தியும் கரோட்டினும்

அந்தக் கிணற்றுக்கு நீர் எங்கிருந்து வருகிறது? இங்கே என்னுடைய பாடம் கொஞ்சம் உதவும்.

கரோட்டின் என்பது 40 கரி அணுக்கள் கொண்ட நீண்ட மூலக்கூறு. அதில் ஒற்றைப் பிணைப்பும் இரட்டைப் பிணைப்பும் மாறி மாறி வருகின்றன. இரட்டைப் பிணைப்புகள் 11. இத்தகைய சங்கிலியில் எலக்ட்ரான்கள் ஓரிடத்தில் கட்டுண்டு கிடக்காமல் சங்கிலி நெடுகிலும் உலவும். வீணையின் தந்தி நீண்டால் சுருதி தாழும் அல்லவா? அதுபோல, எலக்ட்ரான் உலவும் பாதை நீண்டால் அது உறிஞ்சும் ஒளியின் அதிர்வெண் தாழும். பீட்டா கரோட்டின் ஏறத்தாழ 450 நானோமீட்டர் அலைநீளமுள்ள நீல ஒளியை உறிஞ்சுகிறது. நீலம் போனபின் மிஞ்சுவது செம்மஞ்சள். கேரட்டின் நிறம் அதுதான். பச்சை இலையிலும் கரோட்டின் உண்டு. பச்சையம் அதை மறைத்துக்கொண்டிருக்கிறது.

ஆடு இலையைத் தின்றதும், அதன் குடற்சுவர் இந்தச் சங்கிலியை நடுவில் வெட்டுகிறது. 20 கரி அணுக்கள் கொண்ட இரண்டு துண்டுகள் கிடைக்கும். அதுவே வைட்டமின் ஏ. கரோட்டின் உடலில் வைட்டமின் ஏ ஆக மாறுவதை 1930-இல் கேம்பிரிட்ஜில் தாமஸ் மூர் எலிகளில் மெய்ப்பித்தார். அடுத்த ஆண்டே பால் காரர் வைட்டமினின் அமைப்பைக் கண்டறிந்தார். வெட்டிய துண்டில் இரட்டைப் பிணைப்புகள் ஐந்தே. தந்தி குறுகிவிட்டது, சுருதி ஏறிவிட்டது! அது 325 நானோமீட்டரில், நம் கண்ணுக்குத் தெரியாத புற ஊதாக் கதிரையே பெரிதும் உறிஞ்சுகிறது. வெள்ளாடு கரோட்டினை அநேகமாக முழுவதும் வெட்டிவிடுவதால் அதன் பாலும் வெண்ணெயும் வெளுத்திருக்கின்றன. பசு ஓரளவு வெட்டாமல் விடுவதால் அதன் வெண்ணெய் மஞ்சள்.

இந்த இரட்டைப் பிணைப்புகளுக்கு ஒரு பலவீனமும் உண்டு. வெயிலும் காற்றிலுள்ள ஆக்சிஜனும் அவற்றை எளிதில் உடைத்துவிடும். நிறம் வெளுத்துப்போன தட்டையும் வைக்கோலும் எதைக் காட்டுகின்றன? கரோட்டின் போய்விட்டது என்பதைத்தான். நிறமே அளவுகோல்! அந்தக் கிடாவுக்கு வயிறு நிறையத் தீனி இருந்தது. கரோட்டின் மட்டும் இல்லை. கல்லீரலில் சேமித்து வைத்திருந்த வைட்டமின் சில மாதங்கள் தாக்குப் பிடித்தது. அதுவும் தீர்ந்தபின் கண் முதலில் முறையிட்டது. அலைந்து திரிந்த பெட்டைகளுக்கோ வேலித் தழையிலாவது கொஞ்சம் கிடைத்தது.

விரைக்குள் இரண்டு தொழிற்கூடங்கள்

கிடா சளைக்காமல் பெட்டைகளைச் சேர்ந்தது என்று பார்த்தோம். பிறகு எப்படி அதைக் குறை சொல்வது? தாத்தாவை ஏமாற்றியதும் இதுவே. விரைக்குள் இரண்டு தொழிற்கூடங்கள் உள்ளன என்பதை அறிந்தால் புதிர் விடுபடும்.

ஒன்று, நுண்ணிய குழாய்களின் உள்ளே விந்தணுக்களை உண்டாக்கும் கூடம். இங்கே செர்ட்டோலி அணுக்கள் என்னும் செவிலித்தாய்கள் வளரும் விந்தணுக்களை ஊட்டி வளர்க்கின்றன. மற்றொன்று, குழாய்களுக்கு இடையே உள்ள லெய்டிக் அணுக்கள். இவை கொலஸ்டிராலிலிருந்து படிப்படியாக டெஸ்டோஸ்டிரோன் என்னும் ஆண் ஹார்மோனைத் தயாரிக்கின்றன. கிடாவின் முறுக்கு, வாடை, பருவ உணர்ச்சி ஆகியவை இந்த ஹார்மோனைச் சார்ந்தவை. மூளையின் அடியில் உள்ள பிட்யூட்டரிச் சுரப்பி இரண்டு கூடங்களுக்கும் தனித்தனி ஹார்மோன்களை அனுப்பி மேற்பார்வை செய்கிறது.

வைட்டமின் ஏ குறையும்போது முதலில் பலத்த அடி வாங்குவது விந்தணுக் கூடம். ஹார்மோன் கூடம் அதன் பிறகே தளர்கிறது. ஆகவே இடைப்பட்ட காலத்தில் கிடா பார்வைக்குக் கிடாவாகவே இருக்கும், குட்டி மட்டும் விழாது.

ஹார்மோன் கூடமும் தப்புவதில்லை. பெங்களூரு இந்திய அறிவியல் கழகத்தில் ஜே. கங்குலியும் அவருடன் பணியாற்றியவர்களும் 1960-களில் இதை ஆராய்ந்தனர். வைட்டமின் ஏ இல்லாத எலிகளில் ஸ்டீராய்டு ஹார்மோன்களைத் தயாரிக்கும் படிகளில் ஒன்று மந்தமாவதை அவர்கள் கண்டனர். டெஸ்டோஸ்டிரோனும் ஸ்டீராய்டு வகையைச் சேர்ந்ததே. எலிகளில் இன்னொரு வேடிக்கையும் தெரிந்தது. விந்தணுக் கூடம் பாழானதும், அதைத் தூண்டும் பிட்யூட்டரி ஹார்மோன் குறையவில்லை, கூடியது! வழக்கமாக செர்ட்டோலி அணுக்கள் "போதும்" என்று இரத்தத்தின் வழியே ஒரு செய்தி அனுப்பும். அந்தச் செய்தி வரவில்லை என்றால், பதில் வராத கடிதத்துக்கு மேலும் மேலும் கடிதம் எழுதுபவரைப் போல, பிட்யூட்டரி ஹார்மோனைக் கூட்டி அனுப்புகிறது. கேட்க வேண்டிய இடத்தில்தான் ஆள் இல்லை.

குருட்டு எலிகள் தந்த விடை

வைட்டமின் ஏ அங்கே செய்யும் வேலைதான் என்ன? கண்ணில் செய்வதையே விரையிலும் செய்கிறதா? இல்லை. இதை எடுத்துக்காட்டிய சோதனை அழகானது.

உடலில் வைட்டமின் ஏ மூன்று வடிவங்களில் உள்ளது: ஆல்கஹால் வடிவமான ரெட்டினால், ஆல்டிஹைடு வடிவம், அமில வடிவமான ரெட்டினாயிக் அமிலம். முதல் இரண்டும் ஒன்றிலிருந்து மற்றொன்றுக்கு மாறிக்கொள்ளும். அமிலமாவது மட்டும் ஒருவழிப் பாதை. அங்கிருந்து திரும்ப முடியாது. கண்ணில் ஒளியை வாங்குவது ஆல்டிஹைடு. 1960-இல் டௌலிங்கும் ஜார்ஜ் வால்டும் எலிகளுக்கு அமில வடிவத்தை மட்டும் கொடுத்தனர். எலிகள் நன்றாக வளர்ந்தன. பார்வை மட்டும் போயிற்று. 1964-இல் இங்கிலாந்தில் தாம்சன், ஹோவெல், பிட் ஆகியோர் இத்தகைய எலிகளின் இனப்பெருக்கத்தை ஆராய்ந்தனர். ஆணின் விரைகள் சிதைந்திருந்தன. பெண்ணுக்குக் கரு தங்கவில்லை. அமிலம் உடலை வளர்க்கிறது, ஆனால் கண்ணுக்கும் இனப்பெருக்கத்துக்கும் உதவவில்லை என்று அப்போது தோன்றியது.

பின்னர் வந்த ஆய்வுகள் இதைத் திருத்தின. விரைக்கு வேண்டியதும் அமிலமே! ஆனால் இரத்தத்தில் வரும் அமிலம் குழாய்களுக்குள் நுழையுமுன் பெரும்பாலும் சிதைக்கப்பட்டுவிடுகிறது. விரை ரெட்டினாலை வாங்கி, தனக்கு வேண்டிய அமிலத்தைத் தானே உள்ளே தயாரித்துக்கொள்கிறது. 1991-இல் நெதர்லாந்தில் வான் பெல்ட், டி ரூய் என்ற இருவர் மிகுந்த அளவில் திரும்பத் திரும்ப அமிலத்தைக் கொடுத்தபோது எலிகளின் விந்தணு உற்பத்தி மீண்டும் தொடங்கி முழுமை பெற்றது.

இதற்கிடையே 1987-இல் பிரான்சிலும் அமெரிக்காவிலும் ஒரே சமயத்தில் ஒரு கண்டுபிடிப்பு நிகழ்ந்தது. அணுவின் உட்கருவில் ரெட்டினாயிக் அமிலத்தை ஏற்கும் புரதம் ஒன்று உள்ளது. அது ஸ்டீராய்டு ஹார்மோன்களை ஏற்கும் புரதங்களின் உறவுக்காரன். அமிலம் வந்து பொருந்தியதும் குறிப்பிட்ட மரபணுக்கள் விழித்துக்கொள்கின்றன. விந்தணுவின் மூல அணு, தன் குரோமோசோம்களைப் பாதியாக்கும் குன்றல் பிரிவைத் தொடங்க இந்தக் கட்டளை வேண்டும். கட்டளை இல்லையேல் மூல அணு மூல அணுவாகவே நின்றுவிடும். உணவில் வந்ததால் வைட்டமின் என்கிறோம். வேலையைப் பார்த்தால் ஹார்மோனைப் போலவே இருக்கிறது!

ஒரு மண்டலக் கணக்கு

இதில் நம்பிக்கை தரும் செய்தி ஒன்று உண்டு. வைட்டமின் ஏ குறைந்த எலியின் விரையில் எல்லாம் அழிந்தாலும் மூல அணுக்களும் செவிலி அணுக்களும் மிஞ்சுகின்றன. களஞ்சியம் காலியானாலும் விதைநெல் இருக்கிறது. வைட்டமினைத் திரும்பக் கொடுத்தால் உற்பத்தி மீண்டும் தொடங்கும். 1987-இல் மொராலெஸ், கிரிஸ்வோல்ட் ஆகியோர் ஒரு விந்தையைக் கண்டனர். வழக்கமாகக் குழாயின் ஒவ்வொரு பகுதியும் ஒவ்வொரு கட்டத்தில் இருக்கும். அதனால் விந்தணு இடைவிடாமல் கிடைக்கும். வைட்டமின் இன்றி நின்றுபோன எலிக்கு அதைத் திரும்பக் கொடுத்ததும், எல்லாப் பகுதிகளும் ஒரே கட்டத்தில், ஒரே தாளத்தில் நடை போட்டன. நின்ற கடிகாரங்களை எல்லாம் ஒரே நொடியில் ஓடவிட்டதுபோல!

ஆனால் பொறுமை வேண்டும். வெள்ளாட்டில் மூல அணு ஒன்று விந்தணுவாக உருப்பெற ஏறத்தாழ 48 நாள் ஆகிறது. நம் நாட்டு வைத்தியர்கள் சொல்லும் ஒரு மண்டலம்! அதன் பிறகு விந்தணு வெளிக்குழாய்களில் பயணம் செய்து முதிர்ச்சி பெற மேலும் சில நாள்கள். எனவே இன்று ஊசி போட்டு நாளையே பலன் எதிர்பார்ப்பது வீண். இரண்டு மாதமாவது காத்திருக்க வேண்டும்.

எல்லா வைட்டமின் குறையும் இப்படி மன்னிப்பதில்லை. வைட்டமின் ஈ என்பது 1922-இல் ஈவான்சும் காதரீன் பிஷப்பும் எலிகளின் இனப்பெருக்கத்தை ஆராய்ந்தபோது தெரியவந்தது. டோக்கோஃபெரால் என்னும் அதன் பெயருக்கே கிரேக்க மொழியில் மகப்பேற்றைத் தருவது என்று பொருள். அது இல்லாமல் சிதைந்த ஆண் எலியின் விரை, பிறகு எவ்வளவு கொடுத்தாலும் மீள்வதில்லை. அங்கே விதைநெல்லும் போய்விடுகிறது. வைட்டமின் சி-யின் கதை வேறு. ஆடு அதைத் தன் உடலிலேயே செய்துகொள்ளும்; மீன்களில் பெரும்பாலானவற்றால் முடியாது. வைட்டமின் சி குறைந்த தீவனம் தின்ற ஆண் டிரௌட் மீன்களில் விந்தணுவின் எண்ணிக்கையும் அசைவும் குறைவதை ஆய்வுகள் காட்டியுள்ளன. எந்த விலங்கு எதைத் தானே செய்யாதோ, அதில்தான் அதற்கு ஆபத்து.

சுறா ஈரலும் முத்துச்சிப்பியும்

கரிசலிலிருந்து நம் கடற்கரைக்கு வாருங்கள். தரையில் கீரை எப்படியோ, கடலில் சுறாவின் ஈரல் அப்படி. 1940-இல் நார்வே போரில் சிக்கியபோது காட் மீன் எண்ணெய் இந்தியாவுக்கு வருவது நின்றது. அன்றைய சென்னை மாகாண அரசு கோழிக்கோட்டில் சுறா ஈரல் எண்ணெய் தயாரித்தது. எண்ணெயில் வைட்டமின் எவ்வளவு என்று அறிய, அதனோடு ஆன்டிமனி டிரைகுளோரைடைச் சேர்த்து, தோன்றும் நீல நிறத்தின் அடர்த்தியை அளப்பார்கள். காரும் பிரைசும் 1926-இல் வகுத்த முறை அது. 1947-இல் வைட்டமினைத் தொழிற்சாலையில் செய்யும் வழி தெரிந்தபின் சுறா எண்ணெயின் மதிப்பு குறைந்தது. இன்று பல சுறா இனங்கள் சட்டத்தின் பாதுகாப்பில் உள்ளன.

சுறாவுக்கு அந்த வைட்டமின் எப்படி வந்தது? நுண்பாசி சூரிய ஒளியில் கரோட்டின் வகைப் பொருள்களைச் செய்கிறது. பாசியைச் சிற்றுயிர்களும், அவற்றைச் சிறுமீனும், சிறுமீனைப் பெருமீனும் தின்கின்றன. முருங்கை மரம் தேரிமணலில் செய்யும் வேலையைப் பாசி கடலில் செய்கிறது.

தீனியின் அளவைவிட அதன் தரம் முக்கியம் என்பதை முத்துக்குளித்துறையும் அறியும். 1961-க்குப் பிறகு தூத்துக்குடிப் பார்களில் பழைய முறை முத்துக்குளிப்பு நடைபெறவில்லை. தூத்துக்குடியிலுள்ள மத்தியக் கடல் மீன்வள ஆராய்ச்சி நிலைய அறிஞர்கள் 1981-இல் முத்துச்சிப்பியைத் தொட்டியில் இனம்பெருக்கிக் குஞ்சுகளை வளர்த்துக் காட்டினர். இளங்குஞ்சுகளுக்கு அவர்கள் ஊட்டியது ஐசோகிரைசிஸ் என்னும் நுண்பாசி. கடல்நீர் நிறைய இருந்து என்ன பயன்? ஏற்ற பாசி வேண்டும்.

நாம் செய்ய வேண்டியது

ஆடு வளர்க்கும் வீட்டைச் சேர்ந்தவரா நீங்கள்? ஒன்றை நினைவில் வையுங்கள். வெள்ளாடு சினை பிடிக்காவிட்டால் ஏறக்குறைய 21 நாளில் மீண்டும் பருவத்துக்கு வரும். ஒரு பெட்டை மட்டும் வந்தால் அந்தப் பெட்டையைக் கவனியுங்கள். எல்லாப் பெட்டைகளும் வந்தால் கிடாவைக் கவனியுங்கள். இது உயிரியல்கூட அல்ல, எளிய தர்க்கம். ஒரு துளி விந்தும் ஒரு நுண்ணோக்கியும் உண்மையைச் சொல்லிவிடும். கட்டிப் போட்ட பொலிகிடாவுக்குக் கோடையிலும் நாள்தோறும் கொஞ்சம் முருங்கைக் குழையோ அகத்திக் குழையோ கிடைக்கட்டும். அந்தியில் தடுமாறினால் வயதின் மேல் பழி போடாதீர்கள்.

கிடாவின் மலட்டுத்தன்மைக்கு வைட்டமின் ஒன்றே காரணம் என்றும் எண்ண வேண்டாம். கடும் வெப்பம், நோய், தாதுக்குறைவு எனப் பல காரணங்கள் உண்டு. "குறைந்தால் கெடுதி என்றால் நிறையக் கொடுத்தால் நிறையப் பலன்" என்ற கணக்கும் தவறு. வைட்டமின் ஏ கொழுப்பில் கரைந்து உடலில் தங்குவது. மிகுந்தால் நஞ்சு, கருவையும் ஊனமாக்கும். வீரியம் தரும் என்று மனிதர்களுக்கு மாத்திரை விற்பவரிடம் எலிகளின் கதையைக் கேட்டு ஏமாறாதீர்கள். வைட்டமின் குறைந்த உடலுக்கு அது மருந்து. குறையாத உடலுக்கு அதனால் ஆவது ஒன்றுமில்லை.

அந்தக் கிடா என்ன ஆயிற்று? மருத்துவர் வைட்டமின் ஊசி போட்டார், குழை போடச் சொன்னார். இரண்டு மாதத்துக்குப் பிறகு பெட்டைகள் சினை பிடித்தன. அதற்குள் மழையும் வந்து காடு பச்சையாகிவிட்டதால், பலன் ஊசியாலா, குழையாலா, பெட்டைகளுக்கும் தீனி கிடைத்ததாலா என்று பிரித்துச் சொல்ல முடியாது. ஆய்வுக்கூடத்து எலிக்கும் பட்டி ஆட்டுக்கும் உள்ள வேறுபாடு இதுதான். அங்கே ஒன்றை மட்டும் மாற்றலாம். இங்கே எல்லாம் சேர்ந்து மாறும்.

இதையெல்லாம் வகுப்பில் சொல்லி முடித்தபோது அந்த மாணவன் சற்று நேரம் பேசாமல் நின்றான். பிறகு கேட்டான்: "அப்படியென்றால் விற்ற ஆறு பெட்டைகளும் மலடு இல்லையா சார்?"

"இல்லாமலிருக்கலாம் தம்பி" என்றேன். சோதிக்காமல் பெண்ணின் மேல் பழி போடும் பழக்கம் ஆட்டுப்பட்டியோடு நிற்பதில்லை. வீடுகளிலும் இது நடக்கிறது. ஒரு துளியை நுண்ணோக்கியில் பார்த்துவிட்டுப் பேசக் கற்றுக்கொண்டால், அந்த ஆறு ஆடுகளால் நாம் அடைந்த பாடம் வீண் போகாது.